செகராசசேகரன் என்று முடிசூடினான், சங்கிலி என்றே நிலைத்தான்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடத்துக்குப் போகிறவர்கள் இணுவிலைக் கடந்துதான் போக வேண்டும். அந்த இணுவிலில் இரண்டு பிள்ளையார் கோயில்கள் இருக்கின்றன. ஒன்று பரராசசேகரப் பிள்ளையார் கோயில், மற்றது செகராசசேகரப் பிள்ளையார் கோயில். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவை வெறும் கோயில் பெயர்கள். ஆனால் இவை இரண்டும் ஒரு காலத்தில் இந்த மண்ணை ஆண்ட அரசர்கள் முடிசூடும்போது மாறி மாறி ஏற்றுக்கொண்ட பெயர்கள். அரசு அழிந்து 400 ஆண்டுகள் கடந்துவிட்டன. நல்லூரில் அரண்மனை இல்லை. பெயர்கள் மட்டும் மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் இன்னும் வாழ்கின்றன.

வியாபார வேலையாக மருதனார்மடம் சந்தைக்கு அடிக்கடி போய் வருபவன் நான். இந்தப் பெயர்களை நான் முதலில் படித்ததோ புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைகளாக அங்கே இருந்து படித்தபோது, வரலாற்றுப் பாடத்தில் இவை மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வரிசையாக மட்டுமே இருந்தன. எந்தச் செகராசசேகரன் எந்தப் பரராசசேகரனின் மகன் என்று எவருக்கும் நினைவில் நிற்காது. ஒரே ஒரு பெயர் மட்டும் எல்லோருக்கும் நினைவில் நின்றது. அது சங்கிலி. அவனும் ஒரு செகராசசேகரன்தான் என்பதை நான் விளங்கிக்கொண்டது பிறகுதான்.

மன்னர்கள் தமக்கு ஒரு பெயரை ஏன் தெரிவு செய்கிறார்கள், அந்தப் பெயர் அவர்களுக்கு என்ன செய்து கொடுக்கிறது, மக்கள் கடைசியில் எந்தப் பெயரை வைத்துக்கொள்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள, 1519 முதல் 1561 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட முதலாம் சங்கிலியின் வாழ்க்கையை விட நல்ல உதாரணம் எமக்கு அருகில் இல்லை. அவனைப் பற்றி எமது சமூகத்தில் பேசுவோர் குறைவு. அது வேறு யாருடையதோ வரலாறு என்று நினைக்கிறோம். அப்படியல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

மாறி மாறி வந்த இரண்டு பெயர்கள்

யாழ்ப்பாண அரசர்களின் வம்சப் பெயர் ஆரியச்சக்கரவர்த்திகள். சிங்கையாரியன் என்றும் அழைக்கப்பட்டார்கள். இந்த வம்சத்தில் ஒருவன் செகராசசேகரன் என்ற பெயரோடு ஆண்டால், அடுத்து வருபவன் பரராசசேகரன் என்ற பெயரை ஏற்பது வழக்கம். அவனுக்குப் பின் மீண்டும் செகராசசேகரன். சேகரம் என்றால் முடியில் சூடும் அணி. செகராசசேகரன் என்றால் உலகத்து அரசர்களுக்கெல்லாம் தலைமணி போன்றவன். பரராசசேகரன் என்றால் பிற நாட்டு அரசர்களுக்குத் தலைமணி போன்றவன். குடாநாட்டையும் வன்னியையும் மன்னாரையும் சார்ந்த ஓர் அரசுக்கு இவை பெரிய பெயர்கள்தான். ஆனால் அரசர்களின் பெயர்கள் நாட்டின் அளவைப் பார்த்து வைக்கப்படுவதில்லை.

இந்த முறை யாழ்ப்பாணத்தில் தோன்றியதும் அல்ல. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். 985இல் அரசேறிய அருள்மொழிவர்மன் இராசகேசரி. அவனைத்தான் நாம் இராசராசன் என்கிறோம். அவனுக்குப் பின் வந்த இராசேந்திரன் பரகேசரி. பாண்டியர்களிடம் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரு பெயர்கள் இருந்தன. அநுராதபுரத்துச் சிங்கள மன்னர்களிடமும் சிறிசங்கபோ, அபய சலாமேவன் என்ற இரு பெயர்கள் மாறி மாறி வந்தன. இந்த மூன்று வட்டாரங்களுக்கும் நடுவில் இருந்த யாழ்ப்பாணம் அதே முறையைக் கைக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இந்த முறையின் பயன் என்ன? அரசன் இறப்பான், அரசு இறக்காது என்று காட்டுவதுதான். ஆளும் மனிதன் யார் என்பதைப் பெயர் மறைத்துவிடும். நேற்று ஒரு பரராசசேகரன், இன்று ஒரு செகராசசேகரன், நாளை மீண்டும் ஒரு பரராசசேகரன் என்றால், குடிமக்களின் காதில் ஆட்சி ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். முதலாம், ஏழாம் என்று நாம் இன்று போடும் எண்கள் பிற்கால ஆய்வாளர்கள் எமது வசதிக்காகப் போட்டவை.

எமது பயணி இப்னு பதூதாவுக்கும் இதே அனுபவம்தான். 1344இல் இலங்கைக்கு வந்த அவர் புத்தளத்தில் யாழ்ப்பாண அரசனைச் சந்தித்தார். அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கியதாகவும், முத்துக்களைப் பற்றி இருவரும் பேசியதாகவும், பாவா ஆதம் மலைக்குப் போக அரசன் ஏற்பாடு செய்து கொடுத்ததாகவும் அவரது பயணக் குறிப்பு சொல்கிறது. அவ்வளவு நெருங்கிப் பழகியும் அவர் எழுதிவைத்த பெயர் ஆரியச்சக்கரவர்த்தி என்ற வம்சப் பெயரின் அரபு வடிவம்தான். அந்த மனிதனின் சொந்தப் பெயரை அவர் எழுதவில்லை. மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று வரலாற்றாசிரியர்கள் பின்னர்தான் அடையாளம் கண்டார்கள்.

எமது வரலாற்றிலும் அப்படியே

இஸ்லாமிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. நேர்வழி நின்ற நான்கு கலீஃபாக்களும் தமது சொந்தப் பெயரோடுதான் ஆண்டார்கள். உமர் (ரழி) அவர்களுக்கு அமீருல் முஃமினீன் என்ற அழைப்பு வந்தது. அது பதவியின் பெயரே தவிர, அவர்களின் பெயரை மறைத்த பெயர் அல்ல. உமையாக்களும் முஆவியா, அப்துல் மலிக், உமர் இப்னு அப்துல் அஸீஸ் என்று பெற்றோர் வைத்த பெயர்களாலேயே அறியப்பட்டார்கள்.

அப்பாஸியர் காலத்தில் இது மாறியது. பக்தாத் நகரை நிறுவிய அபூ ஜஃபர் அப்துல்லாஹ், அல் மன்சூர் ஆனார். அவருடைய பேரர் ஹாரூன், அர் ரஷீத் ஆனார். ஹாரூனின் மகன் முஹம்மத், அல் அமீன் ஆனார். நம்பிக்கைக்குரியவர் என்பது அதன் பொருள். அந்த அமீன்தான் தந்தை மக்காவில் வைத்து எழுதச் செய்த வாரிசு உடன்படிக்கையை மீறி, சகோதரர் மஃமூனுக்குப் பதிலாகத் தன் மகனை வாரிசாக்க முயன்றார். உள்நாட்டுப் போர் மூண்டு 813இல் அவர் கொல்லப்பட்டார். சூடிய பெயர் ஒன்று, செய்த வேலை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மொகலாயர்களில் இளவரசர் ஸலீம் 1605இல் அரசேறியபோது ஜஹாங்கீர் என்று பெயர் கொண்டார். உதுமானிய சுல்தான்களுக்கும் ஸலீம் என்ற பெயர் இருப்பதால் குழப்பம் வரும் என்பதைக் காரணமாகத் தமது நினைவுக் குறிப்பில் அவரே எழுதினார். உலகைக் கைப்பற்றுவது அரசர்களின் தொழில் என்பதால் அந்தப் பெயரைத் தெரிவு செய்ததாகவும் சொன்னார். அவருடைய மகன் குர்ரம், உலகத்தின் அரசர் என்ற பொருளில் ஷாஜஹான் ஆனார். பேரர் அவுரங்கசீப் ஆலம்கீர் என்ற பட்டத்தோடு 1658இல் அரசேறினார். செகராசசேகரன் என்ற பெயரிலுள்ள அதே உலகம்தான் இந்தப் பெயர்களிலும் இருக்கிறது.

முஸ்லிம் அரசுகளில் ஒருவர் உண்மையில் ஆட்சியாளர் என்பதற்கு இரண்டு அடையாளங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை குத்பாவில் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும், நாணயத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இன்றும் கட்டியம் கூறும்போது சிறிசங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் சொல்லப்படுகிறது. 1450 அளவில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய கோட்டை இளவரசன் சபுமல் குமாரயாவை யாழ்ப்பாணத்தார் செண்பகப்பெருமாள் என்றார்கள். பின்னர் கோட்டைக்குச் சென்று அரசேறியபோது அவன் ஆறாம் புவனேகபாகு ஆனான். கட்டியத்தில் வருவது அவன் பெயரே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஓர் இடத்தில் ஒரு பெயரை உரக்கச் சொல்வது அதிகாரத்தை ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பாகும் என்பதை எல்லாச் சமூகங்களும் அறிந்திருந்தன.

சங்கிலி அரசனான வழி

சங்கிலியின் கதை எமக்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை. மற்றது, போர்த்துக்கேயரும் கத்தோலிக்கக் குருமாரும் எழுதிவைத்தவை. முதலாவது அவன் இறந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளின் பின் எழுதப்பட்டது. இரண்டாவது அவனுடைய எதிரிகள் எழுதியது. இரண்டையும் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சங்கிலியின் தந்தை சிங்கைப் பரராசசேகரன். செண்பகப்பெருமாள் போன பின் மீட்கப்பட்ட அரசை 1478 முதல் 1519 வரை ஆண்டவன். பரராசசேகரம் என்ற பெயரில் ஒரு மருத்துவ நூல் இருக்கிறது. செகராசசேகரம் என்ற மருத்துவ நூலும், செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும் இருக்கின்றன. இந்த இரண்டு பெயர்களும் அரண்மனையில் மட்டுமன்றி வைத்தியரின் ஏட்டிலும் சோதிடரின் ஏட்டிலும் இருந்தன. நாட்டு வைத்தியம் பார்த்த எமது முன்னோரும் இந்த நூற்பெயர்களைக் கேட்டிருப்பார்கள்.

வைபவமாலையின்படி பரராசசேகரனுக்குப் பட்டத்து அரசியிடமும் பிற மனைவியரிடமும் பிள்ளைகள் இருந்தார்கள். மங்கத்தம்மாள் என்ற பெண்ணிடம் பிறந்தவன் சங்கிலி. அவனுக்கு வாரிசு உரிமையில் முதலிடம் இருக்கவில்லை. மூத்தவன் சிங்கவாகு நஞ்சூட்டப்பட்டு இறந்தான். அடுத்தவன் பண்டாரம் கொல்லப்பட்டான். இன்னொரு சகோதரன் பரநிருபசிங்கம் கண்டிக்குப் போயிருந்த வேளையில் சங்கிலி ஆட்சியைப் பிடித்தான். இவ்வாறு அந்த நூல் சொல்கிறது. எல்லா விவரங்களையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் அவன் அரசேறியது நேர்வழியில் அல்ல என்ற நினைவு மக்களிடம் ஆழமாகப் பதிந்திருந்தது என்பது மட்டும் தெளிவு.

இங்கேதான் பெயர் வேலை செய்தது. தந்தை பரராசசேகரன் என்பதால் அடுத்து வருபவன் செகராசசேகரன். சங்கிலி அந்தப் பெயரையே சூடினான். புதிதாக ஒரு பெயரை உருவாக்கவில்லை. உருவாக்கியிருந்தால் அவன் வெளியிலிருந்து வந்தவன் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். வரிசையில் காத்திருந்த பெயரை எடுத்துக்கொண்டதால், வரிசையில் அவன் முந்திக்கொண்டது மறைந்தது. இரத்தத்தில் முறிந்த தொடர் பெயரில் முறியவில்லை. ஆட்சியைப் பறித்தவர்களுக்குத்தான் பழைய பெயர் அதிகம் தேவைப்படும். முறையாக வந்தவர்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

கடலில் வந்த எதிரி

சங்கிலி அரசனானபோது போர்த்துக்கேயர் கொழும்பில் காலூன்றியிருந்தார்கள். முத்துக் குளிக்கும் கடலும் யானை ஏற்றுமதியும் அவர்களை வடக்கே இழுத்தன. இந்தக் கடலில் அதுவரை வியாபாரம் செய்தவர்களில் பெரும் பங்கினர் முஸ்லிம்கள். கோழிக்கோட்டுச் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான மரைக்காயர்கள் போர்த்துக்கேயரை எதிர்த்துப் போராடினார்கள். 1538இல் இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் அவர்கள் பெரும் தோல்வி கண்டார்கள். அதற்குப் பின் பாக்கு நீரிணையில் யாழ்ப்பாண அரசன் ஏறக்குறைய தனித்து நின்றான். 1543இல் மார்த்திம் அபோன்சு த சூசா கப்பல்களோடு வந்தபோது சங்கிலி திறை கொடுக்கச் சம்மதிக்க வேண்டியதாயிற்று.

எதிர்க்கரையில் இன்னொரு விடயமும் நடந்திருந்தது. முத்துக்குளிப்பில் பரதவர்களுக்கும் முஸ்லிம் வியாபாரிகளுக்கும் இடையே மோதல் முற்றி, பரதவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைத் தேடினார்கள். 1530களில் ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்கரானார்கள். இந்தப் பிணக்கில் எமது முன்னோரும் ஒரு தரப்பு என்பதை மறைக்கத் தேவையில்லை. மதம் மாறியவர்களுக்குப் புதிய பெயர் கிடைத்தது. புதிய பெயரோடு புதிய அரசனும் கிடைத்தான். அவர்கள் இனிப் போர்த்துக்கல் மன்னனின் குடிகளாகக் கருதப்பட்டார்கள்.

சங்கிலிக்கு அச்சத்தைத் தந்தது இதுதான். 1544இல் பிரான்சிஸ் சேவியர் அனுப்பிய ஒரு குருவானவர் மன்னாரில் பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மன்னார் அப்போது யாழ்ப்பாண அரசின் பகுதி. சங்கிலி படையோடு போய் அவர்களைக் கொன்றான். கொல்லப்பட்டோர் 600 முதல் 700 வரை என்று கத்தோலிக்கப் பதிவுகள் சொல்கின்றன. வைபவமாலையும் இந்தக் கொலைகளை மறைக்கவில்லை. சேவியர் சங்கிலியைத் தண்டிக்க வேண்டும் என்று போர்த்துக்கேய அதிகாரிகளை மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்.

அவனுடைய அச்சம் காரணமற்றது என்று சொல்ல முடியாது. கோட்டையில் நடந்ததைப் பாருங்கள். இளம் மன்னன் தர்மபாலன் 1557இல் திருமுழுக்குப் பெற்று தொம் ஜோவான் என்ற பெயரை ஏற்றான். 1580இல் தனக்குப் பின் கோட்டை அரசு போர்த்துக்கல் மன்னனுக்கே சேரும் என்று எழுதிக் கொடுத்தான். பெயர் முதலில் போனது, நாடு பின்னால் போனது. இதற்கு மாறாக, தொம் ஜோவான் என்று போர்த்துக்கேயரிடம் பெயர் பெற்றிருந்த கோணப்பு பண்டாரன், கண்டியில் அரசேறியபோது அந்தப் பெயரை வீசிவிட்டு விமலதர்மசூரியன் ஆனான். அவன் யார் பக்கம் என்பதைப் பெயரே ஊருக்கு அறிவித்தது.

ஆனால் அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதால் மன்னாரில் நடந்தது நியாயமாகிவிடாது. இறந்தவர்கள் வாளோடு வந்தவர்கள் அல்ல. கடலில் தொழில் செய்து வாழ்ந்த எளிய மக்கள். குடியைக் காப்பேன் என்பதுதான் எந்த அரசனின் முடிக்கும் உள்ளே இருக்கும் வாக்கு. செகராசசேகரன் என்ற பெயரைச் சூடியவன் தன் குடிகளையே கொன்றான்.

தோல்வியும் அதன் பிறகும்

1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையோடு வந்து நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி கோப்பாய்ப் பக்கம் பின்வாங்கி, பிறகு வன்னிப் பக்கமாகப் போனான். உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது. மகனைப் பிணையாகக் கொடுக்க வேண்டியும் வந்தது. ஆனால் ஊர் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போர்த்துக்கேயரால் குடாநாட்டில் நிற்க முடியவில்லை. அவர்கள் விலகிப் போய் மன்னாரை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கோட்டை கட்டினார்கள். மன்னார் அதன்பின் யாழ்ப்பாண அரசுக்குத் திரும்பவே இல்லை. எந்த மன்னாரைக் காப்பதற்காக அவ்வளவு இரத்தம் சிந்தினானோ, அந்த மன்னாரையே சங்கிலி இழந்தான்.

1561இல் அவனுடைய ஆட்சி முடிந்தது. மகன் புவிராசபண்டாரம் அரசேறினான். அவன் சூடிய பெயர் பரராசசேகரன். வரிசை மாறவில்லை. 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடு படையெடுத்து வந்து புவிராசபண்டாரத்தைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரசனாக்கினான். அந்நியர் கையால் முடிசூட்டப்பட்ட அவனும் பரராசசேகரன் என்ற பெயரையே கொண்டான். முடியை யார் வைத்தாலும் பெயர் நல்லூருடையதாக இருக்க வேண்டும் என்ற தேவை அவனுக்கும் இருந்தது.

எதிர்மன்னசிங்கனின் மரணத்துக்குப் பின் இன்னொரு சங்கிலி வந்தான். சங்கிலி குமாரன் எனப்படும் இரண்டாம் சங்கிலி. அவனும் உரிமையுள்ளவர்களைக் கொன்றே ஆட்சியைப் பிடித்தான் என்பார்கள். 1619இல் பிலிப்பு த ஒலிவேரா அவனைப் பிடித்தான். கோவாவுக்குக் கொண்டு போய் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அத்தோடு யாழ்ப்பாண அரசும் அதன் இரண்டு பெயர்களும் முடிவுக்கு வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வைபவமாலை இரண்டு சங்கிலிகளையும் ஒருவராகவே சொல்கிறது. மன்னாரில் கொன்றவனும் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவனும் அதில் ஒரே மனிதன். போர்த்துக்கேயரின் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் இருவர் என்று பின்னர் தெளிவானது. நல்லூர் முத்திரைச்சந்தியில் குதிரைமேல் இருக்கும் சங்கிலியன் சிலையைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்குச் சங்கிலிகள் இருவர் என்பது தெரியும்? சிம்மாசனப் பெயர் பல மனிதர்களை ஓர் அரசனாக்கியது. மக்களின் நினைவும் இரண்டு மனிதர்களை ஒரு சங்கிலியாக்கிவிட்டது.

எந்தப் பெயர் நிலைத்தது?

சங்கிலி என்ற பெயரில் அரச முழக்கம் எதுவும் இல்லை. உலகமும் இல்லை, தலைமணியும் இல்லை. ஆனாலும் மக்கள் வைத்துக்கொண்டது அதைத்தான். சங்கிலித்தோப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. அவனை வீரன் என்பவர்களும் சங்கிலி என்கிறார்கள், கொடுங்கோலன் என்பவர்களும் சங்கிலி என்கிறார்கள். செகராசசேகரன் என்ற பெயரோ இணுவில் கோயிலோடும் பழைய ஏடுகளோடும் நின்றுவிட்டது. அந்தப் பெயர் எல்லாருக்கும் பொதுவானது, ஆகவே ஒருவனுக்கும் சொந்தமில்லை. தான் எப்படி மதிக்கப்பட வேண்டும் என்று அரசன் கேட்பதே அவன் சூடும் பெயர். மக்கள் வைத்துக்கொள்ளும் பெயர் அதற்கு அவர்கள் கொடுக்கும் பதில்.

மருதனார்மடம் என்ற ஊர்ப்பெயரையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கிறேன். பெயரின்படி அது மருதனார் என்ற ஒருவரின் மடம். மடம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். பரராசசேகரன் யார் என்று தெரியாதவரும் மருதனார்மடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறார்.

பெயரைத் தெரிவு செய்வது அரசர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி இருக்கிறது. 1913இல் பெண்பிள்ளைகளின் கல்விக்காகச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கியது. அது பெரிய சேவை. அதே இராமநாதன்தான் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டு ஓர் ஆய்வுரையை வாசித்தார். அதற்கு 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் மறுப்பு எழுதினார். எம்மை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை நாமே சொல்வோம் என்பதுதான் அந்த மறுப்பின் சாரம் என நான் விளங்கிக்கொள்கிறேன். ஒரு பெயருக்குப் பின்னால் சட்டசபை ஆசனமும் உரிமையும் இருந்தன. செகராசசேகரன் என்ற பெயருக்குப் பின்னால் சிம்மாசனம் இருந்ததைப் போல.

ஆகவே சங்கிலியை எப்படிப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எமது இளைஞர்களிடம் இரண்டு போக்குகளைக் காண்கிறேன். போர்த்துக்கேயர் முஸ்லிம்களின் எதிரி, அவர்களை எதிர்த்தவன் எமது ஆள் என்று சிலர் அவனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். கோட்டைப் பகுதிகளிலிருந்து போர்த்துக்கேயர் எமது மக்களைத் துரத்தியதும், 1626இல் கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கில் குடியேற்றியதும் உண்மைகள்தான். ஆனால் எதிரியின் எதிரி என்பதால் மன்னார்க் கொலைகளை மறந்துவிட முடியாது. வேறு சிலர், அது தமிழர்களின் அரசன் பற்றிய பேச்சு, எமக்கு என்ன என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதுவும் சரியல்ல. அந்த அரசின் கடலில் வியாபாரம் செய்தவர்கள் எமது முன்னோர். அந்த மண்ணின் வரலாற்றில் எமக்கும் பங்கு உண்டு என்றால், அந்த வரலாற்றின் பாரத்திலும் பங்கு உண்டு.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதியிலிருந்து எம்மை விலக்கிவிடக் கூடாது என்பது எமக்கு இடப்பட்ட கட்டளை. அப்படிப் பார்த்தால், சங்கிலி அந்நியருக்கு அடங்காமல் 40 ஆண்டுகளுக்கு மேல் ஓர் அரசைக் காத்தவன். அதே சங்கிலி, மக்களின் நினைவின்படி சகோதரர்களின் இரத்தத்தின் மேல் முடிசூடியவன், பதிவுகளின்படி நிராயுதபாணிகளைக் கொன்றவன். இவை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தால்தான் அது வரலாறு. ஒன்றை மட்டும் சொன்னால் அது வெறும் கட்டியம்.

வடக்கிலிருந்து விரட்டப்பட்டுத் திரும்பி வந்த எமக்கு இதில் தனிப்பட்ட பாடமும் இருக்கிறது. ஆயுதமில்லாத ஒரு கூட்டத்தைச் சந்தேகத்தின் பேரில் அழிப்பதோ விரட்டுவதோ யார் செய்தாலும், எந்தப் பெரிய பெயரின் கீழ் செய்தாலும் ஒன்றுதான். 1544இல் மன்னாரில் இறந்தவர்களின் பெயர்கள் எமக்குத் தெரியாது. அவர்கள் புதிதாகப் பெற்ற பெயரும் தெரியாது, தாய் வைத்த பெயரும் தெரியாது. எம்மில் யாராவது யாழ்ப்பாண அரசர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, செகராசசேகரன், பரராசசேகரன் என்ற வரிசையோடு, பெயரில்லாமல் போன அந்த 600 பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.